12 வயசோட நிக்கிற பட்டியல்: எங்கட சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

கனடாவில ரொறன்ரோவைச் சுத்தி ஸ்காபரோ, மார்க்கம், ஏஜக்ஸ், பிரம்டன் பக்கமெல்லாம் இயங்குற ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், கோயில் நிர்வாகம், சேர்ச் நிர்வாகம், எல்லாத்திலயும் பொறுப்பா இருக்கிற ஐயாமார், அம்மாமார், அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம்.

ஒக்ரோபர் பிறந்திட்டுது. இனி ரெண்டு மூண்டு கிழமையில நீங்கள் கூட்டம் வைச்சு நத்தாருக்குப் பிள்ளையளுக்கு என்ன குடுக்கிறது எண்டு கதைக்கத் தொடங்குவியள். எந்த மண்டபம், ஆர் பொறுப்பு, எத்தினை பெட்டி எண்டெல்லாம் பேசி முடிச்சு கடைசியா ஒரு நோட்டீஸ் அடிச்சு வட்ஸப்பில விடுவியள். அந்த நோட்டீஸில ஒரு வரி வரும், 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கான புதிய விளையாட்டுப் பொருட்கள் எண்டு. நான் எழுத வந்தது அந்த ஒரு வரியைப் பற்றித்தான். ஆனா அதைச் சொல்லுறதுக்கு நான் ஹலோவீனில இருந்துதான் தொடங்கோணும், கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

நாங்கள் 1991 கோடை காலத்தில ஸ்காபரோவுக்கு வந்து இறங்கினனாங்கள், எனக்கு 8 வயசு, தம்பிக்கு 3 வயசு. 17 மாடிக் கட்டடம், நாங்கள் 9ஆம் மாடி. ஒக்ரோபர் 31 பின்னேரம் அப்பா வேலையில, நாங்கள் மூண்டு பேரும் வீட்டில, அந்தக் காலத்தில குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு மாத்துறது ஒக்ரோபர் கடைசி ஞாயிறு எண்டபடியா 5 மணி தாண்டினவுடன வெளியில கறுத்திடும். கதவு தட்டிக் கேட்டுது. அம்மா கதவில இருக்கிற சின்னக் கண்ணாடிக்குள்ளால பாத்தவ, பாத்த உடன பின்னுக்கு வந்து லைற்றை நூத்துப்போட்டு எங்கள் ரெண்டு பேரையும் இழுத்துக்கொண்டு குளியலறைக்குள்ள போய் பூட்டிக்கொண்டு இருந்தவ. வெளியில நிண்டது ஒரு சின்னப் பிள்ளையும் அதின்ர அண்ணனும்தான். அண்ணன்காரன் வெள்ளைப் படுக்கை விரிப்பைப் போத்து கண்ணுக்கு ரெண்டு ஓட்டை வெட்டி பேய் வேசம் போட்டிருந்தவன்.

எங்கட ஊரில இருந்து வந்த ஆக்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. பிறந்ததில இருந்து இஞ்சயே இருக்கிற பிள்ளையள் வாசிச்சா அவையளுக்காகச் சொல்லுறன். இலங்கையில சண்டைக் காலத்தில ஆமி சுத்திவளைப்பு எண்டு வந்தா சனத்தை வரிசையில நடக்க விட்டு, ஒராளை சாக்கால மூடி கண்ணுக்கு மட்டும் ரெண்டு ஓட்டை விட்டு இருத்தி வைச்சிருப்பினம், தலையாட்டி எண்டு சொல்லுறது, அவன் தலையை ஆட்டினா அந்த ஆளைக் கொண்டுபோயிடுவினம். அம்மான்ர தம்பியை அப்பிடித்தான் கொண்டு போனது. அம்மா கனடாவில ஒரு அப்பாட்மென்ட் கதவுக் கண்ணாடிக்குள்ளால கண்டது அதைத்தான். ஒரு மணித்தியாலத்துக்கு மேல அந்தக் குளியலறைக்குள்ள இருந்தனாங்கள், தம்பி அவவின்ர மடியிலயே நித்திரையாப் போயிட்டான்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில எல்லாப் பிள்ளையளும் சொக்லேட்டோட வந்து நிக்கேக்கதான் எனக்கு விசயமே விளங்கினது. பக்கத்து வீட்டில கயானாவில இருந்து வந்த ஒரு அன்ரி இருந்தவ, அவதான் அம்மாவுக்கு கையாலயும் காலாலயும் விளங்கப்படுத்தினவ, இது பயப்படுத்த வாறதில்லை, பிள்ளையள் இனிப்புக் கேட்டு வாறது, கதவைத் திறந்து ரெண்டு ரொபி போட்டா சரி எண்டு. அப்பாவுக்கு அது பிடிக்கேல்லை. வீடு வீடாப் போய்க் கை நீட்டுறதுக்கோ இவ்வளவு தூரம் வந்தனாங்கள், பிச்சை எடுக்கிறதைப் போய் கொண்டாட்டம் எண்டுறாங்கள் எண்டு கத்தினவர். உங்களில கனபேர் வீட்டிலயும் இதே கதை நடந்திருக்கும் எண்டு நினைக்கிறன்.

ஆனா 1992இல கயானா அன்ரி தன்ர பிள்ளையளோட என்னையும் கூட்டிக்கொண்டு போனவ. அம்மான்ர பழைய நைலெக்ஸ் சேலை ஒண்டைச் சுத்தி, கடுதாசியில முடி செய்து, நான் ராணி. வீடுகள் இருக்கிற தெருவழிய போற பிள்ளையள் எல்லாம் குளிருக்கு மேல ஜக்கெற் போடோணும், எவ்வளவு வடிவா வேசம் போட்டாலும் ஜக்கெற்றுக்குள்ள ஒளிஞ்சிடும், எங்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை, கட்டடத்துக்குள்ளயேதானே சுத்துறம். எலிவேற்றரில 17ஆம் மாடிக்குப் போய் ஒவ்வொரு கதவாத் தட்டி, படியால இறங்கி 16, பிறகு 15. ஒரு மாடியில கறி வாசம், அடுத்த மாடியில பொரிச்ச மீன், இன்னொண்டில சாம்பிராணி. கையில தலையணை உறை. கழுத்தில நூலில தொங்குற செம்மஞ்சள் நிற யுனிசெஃப் பெட்டி, அது பள்ளிக்கூடத்தில தந்தது, கனடாவில 1955இல தொடங்கினது, 2006இல நிப்பாட்டினவை, அதுக்குள்ள சனம் ஒரு சதம் ரெண்டு சதம் போடுவினம். இந்தக் காசு எங்கயோ கஷ்டப்படுற பிள்ளையளுக்குப் போகுது எண்டு ரீச்சர் சொல்லேக்க நான் மேசையில தலையைக் குனிஞ்சு கொண்டு எங்கட ஊருக்கும் போகுமோ எண்டு யோசிச்சனான், ஆனா கையுயர்த்திக் கேக்கேல்லை.

வீட்ட வந்து நிலத்தில கொட்டினா ஒரு மலை. கொஃபி கிறிஸ்ப், ஏரோ, ஸ்மார்ட்டீஸ், சின்ன சிப்ஸ் பைகள், பிறகு செம்மஞ்சளும் கறுப்புமா மெழுகுக் கடுதாசியில சுத்தின அந்த மொலாசஸ் கிஸ்ஸஸ், பல்லில ஒட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் போகாது, ஆருக்கும் பிடிக்காது, ஆனா அம்மாவுக்குப் பிடிச்சது, எங்கட ஊர்ச் சக்கரைப்பாணி மாதிரி இருக்கு எண்டு சொன்னவ. அதனால எங்கட வீட்டில அது எல்லாம் அம்மாவுக்கு. அம்மா ஒவ்வொண்டா வெளிச்சத்தில பிடிச்சு உறை பிரிஞ்சிருக்கோ எண்டு பாத்து, டனிஷ் பிஸ்கற் ரின்னுக்குள்ள போட்டு, ஒரு நாளைக்கு ரெண்டு எண்டு தந்து நத்தார் வரைக்கும் கொண்டு போனவ.

அதே இரவு, நான் 9ஆம் மாடிக்கு வந்து எங்கட கதவைத் தாண்டிப் போகேக்க கதவு திறந்திருந்தது. அம்மா கதிரை போட்டு இருந்தவ, மடியில ஒரு சட்டி, சட்டி நிறைய ரொபி. முதல் வருசம் ஒளிச்சிருந்த அதே கதவு. வந்த பிள்ளையளுக்கு ரெண்டு கையாலயும் அள்ளிப் போட்டுக்கொண்டு இருந்தவ. ஒருத்தரிட்டயும் நீ ஆர், எந்த நாடு, எத்தினை வயசு எண்டு அவ கேக்கேல்லை, கேக்கிற அளவுக்கு அப்ப அவவுக்கு இங்கிலிசும் தெரியாது. நான் அண்டைக்குப் பாத்த அம்மான்ர முகம் இண்டைக்கும் எனக்குள்ள இருக்கு.

இனி 1997. இதை நான் பொதுவில எழுதுறது இதுதான் முதல் தடவை. அப்பான்ர குடி கூடி, ஒரு நாள் இரவு அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு வெளிக்கிட்டிட்டா. அந்த வருசங்களில ரொறன்ரோவில ஷெல்ரரில, அதாவது வீடில்லாத ஆக்களைத் தங்க வைக்கிற இடத்தில, இடம் காணாமல் குடும்பங்களை கிங்ஸ்டன் ரோட்டில இருக்கிற மோட்டல்களிலதான் விட்டவை, எங்களையும் அப்பிடி ஒண்டிலதான் விட்டது. ஒரு அறை, ரெண்டு கட்டில், அடுப்பு இல்லை, தண்ணி கொதிக்க வைக்கிற கேத்தில் மட்டும். எனக்கு 14, தம்பிக்கு 9. எங்கட ஆக்கள் ஒருத்தருக்கும் சொல்லக்கூடாது எண்டு அம்மா சொல்லிப்போட்டா. கோயிலில கண்டாலும் பழைய வீட்டில இருக்கிற மாதிரித்தான் கதைக்கோணும்.

அந்த ஹலோவீனுக்கு தம்பியைக் கூட்டிக்கொண்டு கிங்ஸ்டன் ரோட்டுக்குத் தெற்கால ஏரிப் பக்கம் இருக்கிற தெருக்களுக்குப் போனனான். அவனுக்கு ஒரு பெட்டியை வெட்டி ரோபோ செய்து குடுத்து, எனக்கு மோட்டல் குப்பைப் பை ஒண்டைக் கவுத்துப் போட்டு சூனியக்காரி எண்டு வைச்சுக்கொண்டு. நான் நெடுவல், அப்பவே 5 அடி 7 அங்குலம். மூண்டாவதோ நாலாவதோ வீட்டில கதவைத் திறந்தவ தம்பின்ர பையில போட்டுப்போட்டு என்னைப் பாத்து, இதுக்கு உனக்கு வயசு கூடிப்போச்சே எண்டு சொன்னவ. கோவமா இல்லை, சிரிச்சுக்கொண்டுதான் சொன்னவ. நான் அந்தப் பையைக் கழட்டி உருட்டிக் குப்பைத் தொட்டியில போட்டுட்டு மிச்ச வீடு எல்லாத்துக்கும் நடைபாதையில நிண்டனான். எனக்கு சொக்லேட் வேணும் எண்டில்லை. எனக்கு வேண்டியிருந்தது ஒரு இரவு, ஒரே ஒரு இரவு, மோட்டல் பிள்ளையா இல்லாமல் வேற என்னவோவா இருக்கிறது.

கடைசி வீட்டில வயசான ஒரு வெள்ளைக்காரர், முழங்காலுக்கு மேல கம்பளி போத்துக்கொண்டு வாசலில இருந்தவர், தம்பிக்குக் குடுத்துப்போட்டு என்னைக் கையசைச்சுக் கூப்பிட்டவர். வேசமும் இல்லை பையும் இல்லை, சும்மா போய் நிண்டனான். பெரிய கொஃபி கிறிஸ்ப் ஒண்டை, கடையில விக்கிற முழு அளவு, எடுத்து நீட்டினவர். ஒண்டும் கேக்கேல்லை. ஹப்பி ஹலோவீன் எண்டு மட்டும் சொன்னவர்.

டிசம்பரில மோட்டலுக்கு விளையாட்டுச் சாமான் வந்தது. ஆர் கொண்டுவந்தது எண்டு நான் சொல்லப்போறதில்லை, நல்ல மனசோடதான் கொண்டுவந்தவை. கையில பட்டியல் வைச்சுக்கொண்டு பேர் கூப்பிட்டவை. தம்பிக்கு ரிமோற் கார் ஒண்டு. என்ர முறை வர அந்தப் பெண் பட்டியலைப் பாத்து, என்னைப் பாத்து, 14 எண்டா இதில வராது, 12 வரைக்கும்தான் எண்டு சொன்னவ. நான் உடன, பறவாயில்லை எனக்கு ஒண்டும் வேண்டாம், நான் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தனான் எண்டு சொன்னனான். நல்லா நடிச்சனான், அவ நம்பிவிட்டா. 14 வயசுப் பிள்ளை எனக்கு வேண்டாம் எண்டு சொன்னா தயவுசெய்து நம்பாதேங்கோ. நான் இப்ப 15 வருசத்துக்கு மேல உயர்பள்ளிப் பிள்ளையளோட வேலை செய்யிறன், அந்தச் சொல்லை ஒவ்வொரு வருசமும் கேக்கிறன், ஒரு தடவையாவது அது உண்மையா இருந்ததா எனக்கு ஞாபகம் இல்லை.

அண்டு இரவு மோட்டல் மேசையில வேலை செய்யிற ஒரு பெண் எல்லாத்தையும் பாத்துக்கொண்டு இருந்திருக்கிறா. பிறகு எங்கட கதவைத் தட்டி என்னட்ட ஒரு கடித உறை தந்தவ. உள்ளுக்க ரீரீசி ரோக்கன் 10, ரொறன்ரோ பஸ்ஸிலயும் சப்வேயிலயும் ரிக்கற்றுக்குப் பதிலாப் போடுற சின்ன நாணயம். அவ்வளவுதான். நானும் தம்பியும் அடுத்த சனிக்கிழமை கிங்ஸ்டன் ரோட் பஸ் எடுத்து விக்ரோறியா பார்க் ஸ்ரேசன், அங்க இருந்து சப்வேயில டவுன்ரவுன் போய், குவீன் ஸ்றீற்றில பெரிய கடை யன்னல்களில நத்தாருக்கு வைச்சிருக்கிற அசையிற பொம்மையள் எல்லாம் பாத்து, நகரசபைக்கு முன்னால ஐஸில சனம் சறுக்கிறதைப் பாத்துக்கொண்டு குளிர் தாங்க ஏலாமப் போகுமட்டும் நிண்டுபோட்டு வந்தனாங்கள். பத்து ரோக்கனில ஒண்டையும் நான் ஞாபகத்துக்கு எண்டு எடுத்து வைக்கேல்லை, எல்லாத்தையும் பாவிச்சு முடிச்சனான். ஏனெண்டா அது விளையாட்டுச் சாமான் இல்லை, எங்க போறது எண்டு நானே முடிவெடுக்கிற சாமான். அந்த வயசுக்கு வேண்டியது அது.

இப்ப உங்களிட்ட வாறன்.

எங்கட சங்கங்கள் செய்யிறதைக் குறைச்சுச் சொல்ல நான் வரேல்லை. ஊரில பள்ளிக்கூடம் கட்டினது, கிணறு வெட்டினது, சுனாமிக்கு ஓடினது, கோவிட் நேரம் சாப்பாடு கட்டிக் குடுத்தது எல்லாம் எனக்குத் தெரியும். அதனாலதான் உங்களிட்டக் கேக்கிறன். இந்த 12 எண்ட இலக்கம் எங்க இருந்து வந்தது? ஆரும் யோசிச்சு எடுத்த முடிவு மாதிரித் தெரியேல்லை, முதல் வருச நோட்டீஸில இருந்ததை அடுத்த வருசம் அப்பிடியே போட்டு, அதுக்கடுத்த வருசமும் போட்டு, அப்பிடியே நிண்டிட்டுது. விளையாட்டுச் சாமான் வாங்குறது லேசு, சின்னப் பிள்ளை சந்தோசத்தில துள்ளும், படம் வடிவா வரும். 15 வயசுக்காரன் துள்ள மாட்டான், தாங்ஸ் எண்டு முணுமுணுத்துக்கொண்டு தொப்பியை இழுத்து விட்டிட்டுப் போவான், நன்றி இல்லாதவன் எண்டு எங்களுக்குத் தோணும். அவன் வெக்கப்படுறான். அவ்வளவுதான் விசயம்.

இந்த வயசை வெளிய தள்ளுறது எங்கட ஆக்களிட்ட மட்டும் இருக்கிற பழக்கமும் இல்லை. நியூ பிரன்ஸ்விக்கில பாதர்ஸ்ற் எண்டொரு நகரத்தில 14 வயசுக்கு மேல ஹலோவீனுக்குக் கதவு தட்டப் போகக்கூடாது, போனா 200 டொலர் வரைக்கும் தண்டம் எண்டு சட்டமே இருந்தது, 2017இலதான் அதை 16 ஆக்கினவை. அமெரிக்காவில வேர்ஜினியா மாநிலத்து செசபீக் நகரத்தில இன்னும் மோசம், 12க்கு மேல போனா சிறை எண்டு 1970இல எழுதி வைச்சிருந்தவை, 2019இலதான் சிறையை எடுத்துப்போட்டு வயசை 14 ஆக்கினவை. எங்கட நகரத்தில அப்பிடிச் சட்டம் இல்லை. ஆனா சட்டம் இல்லாட்டியும் கதவில நிண்டு நாங்கள் பாக்கிற பார்வை இருக்கே. உயரமான பெடியன் ஒருத்தன் வேசம் இல்லாமல் பையோட வந்து நிண்டா, அதிலயும் கறுப்புப் பெடியன் எண்டா, எங்கட ஆக்கள் என்ன கதைக்கினம் எண்டு நான் என்ர காதால கேட்டிருக்கிறன், அதை இதில எழுத எனக்கு விருப்பமில்லை. அவனுக்கு 12 வயசாகவும் இருக்கலாம். 16 ஆகவும் இருக்கலாம், அப்பவும் என்ன, இனிப்புக் கேட்டுத்தானே வந்தவன், அந்த இரவில அந்த வயசுப் பெடியள் செய்யக்கூடிய எத்தினையோ வேற வேலையை விட்டுப்போட்டு உங்கட வாசலில வந்து நிக்கிறான்.

அரசாங்கமே இப்ப வயசை ஏத்திக்கொண்டு வருது. ஒன்ராறியோவில 2018இல இருந்து 16, 17 வயசுப் பிள்ளையளும் தாங்களா வந்து சிறுவர் பாதுகாப்புச் சங்கத்திட்ட உதவி கேக்கலாம், முந்தி 16 தாண்டினா புதுசா எடுக்கவே மாட்டினம். 2023 ஏப்பிரலில இருந்து பராமரிப்பில வளந்த பிள்ளையளுக்கு 23 வயசு வரைக்கும் உதவி குடுக்கிற திட்டம் நடக்குது. டவுன்ரவுனில கவனன்ற் ஹவுஸ் 1982இல இருந்து 16 தொடங்கி 24 வயசு வரைக்கும் வீடில்லாத இளம் ஆக்களை எடுக்குது. 18 வந்த உடன ஒரு பிள்ளை பெரிய ஆளாகிறதில்லை எண்டு அவையள் எல்லாம் ஏற்றுக்கொண்டிட்டினம், எங்கட நோட்டீஸ் இன்னும் 12இலயே நிக்குது.

எங்கட பிள்ளையள் அப்பிடி இடங்களில இல்லை எண்டும் நினைக்காதேங்கோ. நான் இருந்தனான். இப்பவும் இருக்கினம். குடும்பம் மறைக்கும், பிள்ளையும் மறைக்கும், நாங்கள் மோட்டலில இருந்துகொண்டு கோயிலில பொய் சொன்ன மாதிரி. அந்தப் பிள்ளை உங்கட தீபாவளிக் கலைநிகழ்ச்சியில மூண்டாவது வரிசையில நிண்டு ஆடியும் இருக்கும்.

மூண்டு வருசமா நானும் கூட வேலை செய்யிற ரெண்டு பேரும் ஒரு குறூப் ஹோமுக்கு, அதாவது வீட்டில இருக்க ஏலாத பிள்ளையளைப் பராமரிக்கிற இல்லத்துக்கு, ஹலோவீனுக்குப் பூசணிக்காய் கொண்டு போறம். எந்த இடம் எண்டு சொல்ல ஏலாது, பிள்ளையளின்ர அடையாளமும் மாத்தித்தான் எழுதுறன். 13இல இருந்து 17 வரைக்கும். அங்க கத்தி எல்லாம் பூட்டித்தான் வைச்சிருப்பினம், அதால செதுக்க ஏலாது, பெயின்ற் பண்ணுறதுதான். முதல் வருசம் போகேக்க ஒருத்தரும் அறையை விட்டு வரேல்லை. இது சின்னப் பிள்ளையளின்ர வேலை எண்டு ஒரு பெட்டை கதவுக்குள்ள இருந்தே சொன்னவ. நாங்கள் ஒண்டும் சொல்லாமல் பேப்பரை விரிச்சு எங்கட பாட்டில பெயின்ற் அடிச்சுக்கொண்டு இருந்தனாங்கள். அரை மணித்தியாலம் இருக்கும், ஒருத்தன் தண்ணி குடிக்க வாற மாதிரி வந்தவன், நிண்டு பாத்தவன், உங்கட கண் ரெண்டும் ஒரே அளவில இல்லை எண்டு என்ர பூசணிக்காயைக் காட்டிச் சொன்னவன். அப்ப நீ சரியாக்கித் தா எண்டு தூரிகையைக் குடுத்தனான். ஒரு மணித்தியாலம் கழிச்சுப் பாத்தா மேசையில இடம் இல்லை. கதவுக்குள்ள இருந்து கத்தின பெட்டை கடைசியா வந்து, கடைசியா எழும்பினவ, அவ வரைஞ்சது அவவின்ர பாட்டியின்ர முகம். வேற ஒருத்தருக்கும் அது விளங்கேல்லை, எனக்கு மட்டும் மெதுவாச் சொன்னவ.

நவம்பர் 1ஆம் திகதி இரவு ரொறன்ரோவில கன பூங்காக்களில பூசணிக்காய் ஊர்வலம் எண்டு வைக்கிறவை, சொறோறன் பூங்காவில 2004இல தொடங்கி இப்ப எங்கயும் பரவிட்டுது, சனம் வீட்டில செய்த பூசணிக்காயளைக் கொண்டுவந்து நடைபாதை வழிய அடுக்கி விளக்கு வைப்பினம். பணியாளர்களிட்ட அனுமதி எடுத்து அந்தப் பிள்ளையளின்ர பூசணிக்காயளையும் ஒரு பூங்காவுக்குக் கொண்டு போனனாங்கள். அவையள் கொஞ்சம் தள்ளி நிண்டு பாத்துக்கொண்டு இருந்தவை. ஆரோ ஒரு குடும்பம், சின்னப் பிள்ளையைத் தோளில தூக்கி வைச்சுக்கொண்டு, அந்தப் பாட்டி முகத்துக்கு முன்னால நிண்டு படம் எடுத்தினம். ஆர் செய்தது எண்டு அவைக்குத் தெரியாது. அந்தப் பெட்டை என்ர கைச்சட்டையைப் பிடிச்சு இழுத்தவ, ஒண்டும் சொல்லேல்லை.

அதனால சங்கங்களிட்ட நான் கேக்கிறது இதுதான். இந்த முறை கூட்டத்தில அந்த 12ஐ வெட்டிப்போட்டு 18 எண்டு எழுதுங்கோ. பதின்ம வயசுப் பிள்ளையளுக்கு எண்டு ஒரு தனிப் பெட்டி வையுங்கோ, அதுக்குள்ள கரடிப் பொம்மை வேண்டாம், என்ன வேணும் எண்டு கேட்டா அவையள் சொல்லுறது ஹூடி, ஹெட்போன், பஸ்ஸுக்குப் பாவிக்கிற பிறெஸ்ரோ கார்ட்டில காசு, தலைமயிருக்குப் பூசுறது, அதிலயும் சுருட்டை மயிருக்கு எண்டு இருக்கிறது, வாசனைத் திரவியம், நல்ல மொத்தச் சொக்ஸ், கிஃப்ற் கார்ட். கிஃப்ற் கார்ட் குடுத்தா வேற எதுக்கோ செலவழிப்பினம் எண்டு கூட்டத்தில ஒருத்தர் கட்டாயம் எழும்பிச் சொல்லுவார். ஐயா, செலவழிக்கட்டும். சாப்பாட்டுக்கடையில சிநேகிதப் பிள்ளைக்கு ஒரு பேகர் வாங்கிக் குடுத்தானெண்டா அவன் அண்டைக்கு வாங்கிற பக்கம் இல்லை, குடுக்கிற பக்கம். அது எவ்வளவு பெரிய விசயம் எண்டு வாங்கிக்கொண்டே வளந்த பிள்ளையிட்டக் கேட்டாத்தான் தெரியும்.

படம் எடுக்காதேங்கோ. இதைக் கெஞ்சிக் கேக்கிறன். எங்கட ஆக்களுக்கு பனர் கட்டி, நிர்வாகசபை முழுக்க வரிசையில நிண்டு, பெட்டியைப் பிள்ளை ஒரு பக்கம் பிடிக்க தலைவர் ஒரு பக்கம் பிடிக்க ஒரு படம் வேணும், அது அடுத்த நாள் முகநூலில வரோணும். கணக்குக் காட்டோணும், காசு தந்த ஆக்களுக்குப் பதில் சொல்லோணும், அது நியாயம்தான், அப்ப பெட்டியளை மட்டும் படம் எடுங்கோ, பற்றுச்சீட்டைப் போடுங்கோ. 8 வயசுப் பிள்ளை அந்தப் படத்தை மறந்திடும். 15 வயசுப் பிள்ளையின்ர வகுப்பில ஒருத்தன் அதைக் கண்டானெண்டா அந்தப் பிள்ளை திங்கக்கிழமை பள்ளிக்கூடம் வராது. வராமல் விட்ட பிள்ளையை வீட்டில போய்ப் பாத்திருக்கிறன்.

இன்னொண்டு, இது காசு கூடத் தேவைப்படாத விசயம். உங்கட மண்டபத்தில ஹலோவீனுக்கோ தீபாவளிக்கோ சின்னப் பிள்ளையளுக்கு எண்டு ஏதாவது வையுங்கோ, 2024இல ரெண்டும் ஒக்ரோபர் 31 ஒரே நாளில வந்து எல்லாரும் குழம்பினது ஞாபகம் இருக்கும். அதில ஒரு அறையைப் பேய் வீடாக்குறதுக்கு ரீனேஜ் பிள்ளையளைக் கூப்பிடுங்கோ. கறுப்புச் சேலையும் பெட்டியளும் ஒரு பழைய ஸ்பீக்கரும் குடுத்தாப் போதும், மிச்சத்தை அவையள் பாப்பினம், உங்கட ஆக்கள் ஒருத்தரும் உள்ளுக்குப் போய் இப்பிடிச் செய் அப்பிடிச் செய் எண்டு நிக்காமல் விட்டால். ஒன்ராறியோவில உயர்பள்ளி முடிக்க 40 மணித்தியாலம் சமூகத் தொண்டு செய்திருக்கோணும் எண்டு இருக்கு, அந்தப் படிவத்தில கையெழுத்து வைச்சுக் குடுங்கோ. உதவி தேவைப்படுற பிள்ளையும் தேவைப்படாத பிள்ளையும் ஒரே அறையில ஒரே வேலை செய்யேக்க ஆர் எது எண்டு ஒருத்தருக்கும் தெரியாது. கூப்பிடேக்கயும் கஷ்டப்பட்ட பிள்ளையள் வாங்கோ எண்டு கூப்பிடாதேங்கோ, பேய் வீடு கட்ட ஆள் வேணும் எண்டு கூப்பிடுங்கோ.

அம்மா இப்பவும் அதே மாதிரி ஒரு கட்டடத்திலதான் இருக்கிறா, 5ஆம் மாடி. முழங்கால் ஏலாது, ஆனா ஒக்ரோபர் 31 பின்னேரம் கதிரையை வாசலுக்கு இழுத்துப் போட்டிடுவா. போன வருசம் என்னை விட நெடுவலா நாலு பெடியள் வந்தவங்கள், வேசம் எண்டு ஒண்டும் இல்லை, ஒருத்தன் மட்டும் மூஞ்சியில கறுப்புக் கோடு ரெண்டு கீறி இருந்தவன். அம்மா அவங்களுக்கு எல்லாரையும் விடக் கூடப் போட்டவ, வளர்ற பிள்ளையள் பசிக்கும் எண்டு.

இந்த வருசம் நாங்கள் ரெண்டு இடத்துக்குப் போறம், 22 பூசணிக்காய் வேணும். வாங்கக் காசு சேந்திட்டுது, தூக்கிக்கொண்டு போறதுக்கு வான் இருக்கிற ஆக்கள் ரெண்டு பேர் வேணும், ஒக்ரோபர் கடைசிச் சனிக்கிழமை காலமை. உங்கட சங்கத்துக்கு இந்த மடலைக் கொண்டுவந்து தாற ஆளிட்டயே பேரைக் குடுத்துவிடுங்கோ, நான் கூப்பிடுறன். பெயின்ற் தர விரும்பினா வெள்ளை கனக்கத் தாங்கோ, போன வருசம் அதுதான் முதல் முடிஞ்சது.

அன்போட,
கிங்ஸ்டன் ரோட் மோட்டலில ஒரு காலம் இருந்த ஒரு அக்கா